சில்லரைத் தாண்டியும் கிருமி குறையவில்லையா? கோழித் தோலில் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மணிக்கு 300 முதல் 2,000 கறிக்கோழி வரை அறுக்கும், தண்ணீர்ச் சில்லர் (அறுத்த கோழியைக் குளிர்நீரில் முக்கிக் குளிரவைக்கும் தொட்டி) வைத்திருக்கும் யூனிட்டுகளுக்காக எழுதியது இது. கோவை, பல்லடம் பக்கத்து யூனிட்டுகளில் பல, உப்பும் சுண்ணாம்பும் கூடிய போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரில் ஓடுகின்றன. அந்தத் தண்ணீர் செய்யும் வேலை தனி என்பதால் அதற்கு இங்கே கூடுதல் இடம் உண்டு.

சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் என்ற குடல் கிருமிகளுக்கான லேப் ரிப்போர்ட் மோசமாக வந்தால் பலரும் முதலில் குளோரினைக் கூட்டுவார்கள். உண்மையில் அது கடைசியாகத் தொட வேண்டியது. தோலின் மேலுள்ள நீர்ப்படலத்தில் மிதக்கும் கிருமியைத்தான் எந்த மருந்தும் எளிதில் கொல்லும். இறகு பிடுங்கிய குழிக்குள்ளும், தோல் மடிப்புக்குள்ளும், கொழுப்புக்கு அடியிலும் ஒட்டிக்கொண்டதை அது அவ்வளவாக எட்டாது. சுடுநீரில் விரிந்த இறகுக்குழி குளிர்நீரில் சுருங்கும்போது உள்ளே போனது உள்ளேயே தங்கிவிடும். ஆகவே சில்லருக்கு முன்னால் கிருமி எங்கே ஏறுகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

எங்கே ஏறுகிறது என்று கண்டுபிடிப்பது

நான்கு இடங்களில் மாதிரி எடுங்கள்: பிளக்கருக்கு (இறகு பிடுங்கும் இயந்திரம்) பின், குடல் எடுத்த பின், வாஷருக்கு (நீர் தெளித்துக் கழுவும் இயந்திரம்) பின், சில்லருக்குப் பின். ஒரே பண்ணைக் கோழி, ஒரே ஒரு மணி நேரத்துக்குள், இடத்துக்கு ஐந்து கோழி. ஒவ்வொன்றையும் கிருமி நீக்கிய பையில் போட்டு, 400 மில்லி பஃபர்டு பெப்டோன் வாட்டர் (மாதிரி எடுக்கும் லேப் கரைசல்) ஊற்றி, ஒரு நிமிடம் எல்லாப் பக்கமும் படும்படி குலுக்கி, அந்த நீரை லேபுக்கு அனுப்ப வேண்டும்.

இந்தச் சோதனையில் சால்மோனெல்லா 'உண்டு, இல்லை' என்று கேட்காதீர்கள். அது சில கோழிகளில், அதுவும் ஒரு சில செல்களாக மட்டுமே இருக்கும். ஐந்து கோழியில் 'இல்லை' என்று வந்தால் அதற்குப் பொருளே இல்லை. ஈ.கோலை அல்லது அது சேர்ந்த எண்டரோபாக்டீரியேசியே என்ற கிருமிக் குடும்பத்தின் எண்ணிக்கை கேளுங்கள். குடல் அழுக்கு எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பதை அந்த எண் காட்டிவிடும். லாக் (மடக்கை) கணக்கில் சராசரி எடுங்கள்: 1 லாக் குறைந்தால் 90 சதவீதம் போயிற்று. ஐந்து கோழியை வைத்துப் பார்க்கும்போது அரை லாக்குக்கும் குறைவான வித்தியாசத்தைத் துரத்த வேண்டாம்.

அறிகுறி: பிளக்கரை விட்டு வரும்போதே எண்ணிக்கை அதிகம்

மூன்று இடங்களில் ஒன்று காரணமாக இருக்கும். பட்டினி நேரம், ஸ்கால்டர் (இறகு தளர முக்கும் சுடுநீர்த் தொட்டி), பிளக்கர். இந்த வரிசையிலேயே பாருங்கள்.

தீவனம் நிறுத்தியதிலிருந்து அறுப்பு வரை மொத்தம் 8 முதல் 12 மணி நேரம் இருக்க வேண்டும். பண்ணையில் தீவனமில்லாமல் நின்றது, பிடித்தது, லாரியில் வந்தது, யூனிட் வாசலில் காத்தது எல்லாம் இதில் அடக்கம். வாசலில் வண்டி நின்ற நேரத்தைக் கணக்கில் சேர்க்காததுதான் வழக்கமாக நடக்கும் தவறு. 6 மணி நேரத்துக்குக் குறைந்தால் தீனிப்பையும் குடலும் நிறைந்திருக்கும். பிளக்கரின் ரப்பர் விரல் அடிவயிற்றில் அடிக்க அடிக்க எச்சம் பிதுங்கித் தோலெங்கும் பூசிக்கொள்ளும். கேம்பைலோபாக்டர் பிளக்கரில் ஏறுவதற்கு முக்கிய காரணம் இதுதான். ஆராய்ச்சியில் எச்சத்துவாரத்தை அடைத்துவிட்டு இறகு பிடுங்கியபோது அந்த ஏற்றம் நின்றுபோனது. 14 மணி நேரம் தாண்டினால் வேறு தொல்லை: குடல் சவ்வு நைந்து இழுத்தவுடன் அறுந்துபோகும், பித்தப்பை வீங்கியிருக்கும், பசித்த கோழி கூளத்தைக் கொத்தித் தின்றிருக்கும்.

பத்துக் கோழியின் தீனிப்பையைக் கீறிப் பாருங்கள். மக்காச்சோளத் தூள் கெட்டியாக இருந்தால் பட்டினி போதவில்லை. தேங்காய்நார்த் தூளோ உமியோ இருந்தால் பட்டினி நீண்டுவிட்டது. கோழியைப் பிடிக்கும் நேரம் வரை தண்ணீரை நிறுத்தக் கூடாது. தண்ணீர் இல்லாமல் தீவனம் கீழே இறங்காது. பட்டினி நேரத்துக் குடிநீரில் 0.4 சதவீத அளவில் லாக்டிக் அமிலம் சேர்த்தால் தீனிப்பையில் சால்மோனெல்லா குறைவது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் புளிப்பு அதிகமானால் கோழி தண்ணீரே குடிக்காது. கோடையில் அது இறப்பில் போய் முடியும்.

அடுத்து ஸ்கால்டர். கடின ஸ்கால்டு என்றால் 58 முதல் 60 டிகிரி, 60 முதல் 90 விநாடி. மென்மையான ஸ்கால்டு என்றால் 50 முதல் 53 டிகிரி, 2 முதல் 3 நிமிடம். இந்தக் குறைந்த சூட்டில் சால்மோனெல்லா சாவதை எதிர்பார்க்காதீர்கள். அங்கே நடப்பது அழுக்கு கழுவல் மட்டும். பேனல் காட்டும் எண்ணையும் நம்ப வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஹீட்டர் சுருள் மேலும் சென்சார் மேலும் படிவு ஏறி எண் பொய்யாகும். தனித் தெர்மாமீட்டரை நுழைவு, நடு, வெளியேற்றம் என மூன்று இடத்தில் முக்கிப் பாருங்கள். 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கலக்கும் காற்றோ பம்போ சரியில்லை. நெஞ்சில் வெந்ததுபோல் வெள்ளைத் திட்டு வந்தால் சூடோ நேரமோ அதிகம். அந்தத் தோல் பிளக்கரில் கிழியும், கிழிந்த இடம் கிருமிக்குத் திறந்த வாசல்.

ஸ்கால்டர் தண்ணீர் எச்சத்தின் யூரிக் அமிலத்தால் மெல்ல மெல்லப் புளித்து பி.ஹெச். (அமில-கார அளவு) 6 பக்கம் வந்து நிற்கும். சால்மோனெல்லா சூட்டை அதிகம் தாங்குவதும் ஏறக்குறைய அதே பி.ஹெச்.சில்தான். உணவுத் தரச் சோடியம் கார்பனேட் சேர்த்து 9-க்குப் பக்கம் கொண்டுபோனால் அதே சூட்டில் சாவு வேகமாகும். அதைவிட முக்கியம், கோழிக்குச் சுமார் 1 லிட்டர் புதுத் தண்ணீர் தொடர்ந்து உள்ளே வந்து, கோழி நுழையும் பக்கமாக வழிந்து போக வேண்டும். ஒரு தொட்டியில் காலையில் நிரப்பிய தண்ணீரை மதியம் வரை ஓட்டினால் அதற்குப் பெயர் குழம்பு.

இரத்தம் வடியும் நேரத்தையும் பாருங்கள். 2 முதல் 3 நிமிடம் வடிய விடாமல், மூச்சிழுக்கும் கோழி ஸ்கால்டரில் விழுந்தால் அந்த அழுக்குத் தண்ணீரை நுரையீரலுக்குள் இழுத்துக்கொள்ளும். வெளியே எவ்வளவு கழுவினாலும் அது போகாது. இது கோழிக்கு இழைக்கும் கொடுமையும்கூட.

கடைசியாகப் பிளக்கர். வேலை முடிந்து கழுவிய பிறகு ரப்பர் விரல்களை வளைத்துப் பாருங்கள். வளைவில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அந்த விரலை அன்றே மாற்ற வேண்டும். வெடிப்புக்குள் கொழுப்பும் கிருமியும் சேர்ந்து உறையும்; ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இந்த விரல்களில் மாதக் கணக்கில் குடியிருப்பது தெரிந்த விஷயம். மேலே குளோரின் தெளித்தாலும் வெடிப்புக்குள் இறங்காது. ட்ரம் பிளக்கரில் 30 முதல் 45 விநாடி போதும். இறகு போகவில்லை என்று மறுபடி சுற்றுவதற்குப் பதில் ஸ்கால்டரைச் சரிசெய்யுங்கள்.

அறிகுறி: பிளக்கருக்குப் பின் சரி, குடல் எடுத்த பின் ஏறுகிறது

தப்பு குடலில் என்று எல்லோரும் நினைப்பார்கள். பல யூனிட்டுகளில் தீனிப்பைதான் அதிகம் கிழிகிறது. கழுத்தோடு ஒட்டிய அந்த மெல்லிய பையை விரலால் முதலில் தளர்த்தாமல் இழுத்தால் நடுவில் பிய்ந்து, உள்ளே இருப்பது கழுத்துத் தோலிலும் நெஞ்சுக் கூட்டிலும் கொட்டும். ஒரு மணி நேரம் நின்று எண்ணுங்கள்: நூறு கோழியில் எத்தனை தீனிப்பை கிழிந்தது, எத்தனை குடல் கிழிந்தது, எத்தனை பித்தக்கறை. தீனிப்பைக் கிழிசல் எல்லோரிடமும் சமமாக இருந்தால் பட்டினி நேரம் காரணம். ஒரே ஆளிடம் அதிகம் என்றால் அவருக்குக் கற்றுத்தர வேண்டும், அல்லது லைன் வேகம் அவர் கைக்கு மிஞ்சிப்போகிறது. எச்சத்துவாரத்தைச் சுற்றி வெட்டும் கத்திக்கு ஆளுக்கு இரண்டு கொடுங்கள். ஒன்று கையில், மற்றது 82 டிகிரித் தண்ணீரில்.

எச்சம் பட்ட இடத்தைக் கழுவித் தேய்க்காதீர்கள். கத்தியால் அந்தத் தோலை வெட்டி எடுங்கள். தேய்த்தால் கண்ணுக்குத் தெரியும் கறை போகும், கிருமி பரவும். அமெரிக்காவில் கண்ணுக்குத் தெரியும் எச்சத்தோடு ஒரு கோழிகூடச் சில்லருக்குள் போகக் கூடாது என்பது விதி. நம் யூனிட்டிலும் அந்த ஒரு விதியை வைத்துக்கொண்டால் சில்லருக்குப் பாதிச் சுமை குறையும்.

பலரும் விட்டுவிடும் ஒன்று இது: பிளக்கரிலிருந்து குடல் எடுக்கும் மேசை வரை தோல் ஈரமாகவே இருக்க வேண்டும். இடையில் சுத்தமான நீர்த் தெளிப்பு இருந்தால் அழுக்கு அந்த நீர்ப்படலத்தில் விழுந்து ஒட்டாமல் வழிந்துவிடும். காய்ந்த தோலில் விழுந்த எச்சம் ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்த வாஷரும் அதை முழுதாக எடுக்காது.

அறிகுறி: வாஷர் ஓடுகிறது, எண் இறங்கவில்லை

நாசில்களைக் கழற்றிப் பாருங்கள், உப்புப் படிவு பாதியை அடைத்திருக்கும். வாரம் ஒருமுறை சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறப்போட்டால் தீரும். அழுத்தத்தைக் கூட்டுவது தீர்வல்ல. 3 முதல் 5 பார் போதும். அதற்கு மேல் அடித்தால் அழுக்கு தோலுக்குள் தள்ளப்படும், பக்கத்துக் கோழி மேலும் தெறிக்கும். தண்ணீரின் அளவைக் கூட்டுங்கள். வயிற்றின் உள்பக்கம் நீர் போகிறதா என்றும் பாருங்கள்.

அறிகுறி: குளோரின் வாடை மூக்கைத் துளைக்கிறது, கிருமி சாகவில்லை

வாடை அதிகம் என்றால் குளோரின் அதிகம் என்று பொருளில்லை. கண் எரிய வைக்கும் அந்த வாடை பெரும்பாலும் குளோரமீன், அதாவது இரத்தத்தோடும் புரதத்தோடும் சேர்ந்து வேலையை முடித்துக்கொண்ட குளோரின். கிருமியை வேகமாகக் கொல்வது தனித்து நிற்கும் குளோரின்தான். அதிலும் ஹைப்போகுளோரஸ் அமில வடிவில் இருக்கும் பங்குதான் வேலை செய்யும். அந்தப் பங்கைத் தீர்மானிப்பது பி.ஹெச். 6.5-ல் சுமார் 90 சதவீதம், 7.5-ல் பாதி, 8.5-ல் ஏறக்குறைய 10 சதவீதம். போர் தண்ணீர் 8 பக்கம் நின்றால் ஊற்றும் குளோரினில் பெரும்பகுதி பேருக்குத்தான் கரைகிறது.

முதலில் அளவை எடுப்பது சரியா என்று பாருங்கள். குளோரின் அளக்கும் டி.பி.டி. மாத்திரை போட்டதும் இளஞ்சிவப்பு ஒரு கணம் மின்னி மறைந்தால் குளோரின் இல்லை என்று எழுதிவிடுவார்கள். அது தலைகீழ். 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) பக்கம் போனால் குளோரினே நிறத்தை வெளுத்துவிடும். மாதிரியில் 10 மில்லி எடுத்து, குளோரின் இல்லாத டிஸ்டில்டு வாட்டரால் 100 மில்லி ஆக்கி, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். 1-ஆம் எண் மாத்திரை தனிக் குளோரினைக் காட்டும். அதே குழாயில் 3-ஆம் எண்ணையும் சேர்த்தால் மொத்தம் தெரியும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் வீணாய்ப் போனது.

இலக்கு இதுதான்: உள்ளே வரும் தண்ணீரில் 20 முதல் 50 பிபிஎம், சில்லரிலிருந்து வழியும் தண்ணீரில் தனிக் குளோரின் 1 முதல் 5 பிபிஎம், பி.ஹெச். 6.0 முதல் 6.5. உள்ளே 50 போட்டும் வழிவில் பூஜ்யம் என்றால் தண்ணீர் அழுக்கை மிஞ்சவில்லை. மருந்தைக் கூட்டுவதற்கு முன் புதுத் தண்ணீரைக் கூட்டுங்கள்.

கணக்கு எளிது. 1,000 லிட்டருக்கு 50 பிபிஎம் என்றால் 50 கிராம் குளோரின், 10 சதவீத ஹைப்போவில் (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) 500 மில்லி. ஆனால் கேனில் எழுதிய 10, வெயிலில் நின்ற கேனில் 6 ஆகவும் இருக்கலாம். வாங்கும் அன்றும் பிறகு வாரம் ஒருமுறையும் டைட்ரேஷன் (கரைசலின் பலத்தை அளக்கும் சோதனை) செய்து பாருங்கள், நிழலில் வையுங்கள், மாதத்துக்குத் தேவையானதை மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். பிளீச்சிங் பவுடரைச் சில்லருக்குப் போட வேண்டாம். அதன் சுண்ணாம்பு பி.ஹெச்.சை இன்னும் ஏற்றிவிடும்.

பி.ஹெச். இறக்க சிட்ரிக் அமிலம். எவ்வளவு என்பது உங்கள் தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்தது, பக்கத்து யூனிட்டின் அளவு உங்களுக்கு ஒத்துவராது. 10 லிட்டர் போர் தண்ணீரை வாளியில் எடுத்து, 10 சதவீத சிட்ரிக் கரைசலை 2 மில்லி 2 மில்லியாகச் சேர்த்துக் கலக்கி, 6.5 வரும்வரை எண்ணுங்கள். 18 மில்லி பிடித்தால் 1,000 லிட்டருக்கு 180 கிராம் சிட்ரிக் அமிலம். இந்த எண்ணோடு நிறுத்திவிடக் கூடாது. ஹைப்போவே காரம், ஊற்ற ஊற்ற பி.ஹெச். ஏறும். சில்லரில் காற்று விட்டுக் கலக்கினால் கார்பன் டை ஆக்சைடு பறந்துபோய் மறுபடியும் ஏறும். ஆகவே தொட்டி நிரப்பும்போது ஒருமுறை பார்த்தால் போதாது, அரை மணிக்கு ஒருமுறை வழிவில் பாருங்கள்.

அமிலத்தையும் ஹைப்போவையும் ஒரே கேனில், ஒரே குழாயில் சேர்க்கவே கூடாது. நச்சான குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் உயிர் போகும். அமிலம் முதலில் தண்ணீரில் நன்றாகக் கலந்த பிறகு, தள்ளி இன்னொரு இடத்தில் ஹைப்போ. தொட்டியின் பி.ஹெச். 5-க்குக் கீழே இறங்கினாலும் இதே ஆபத்து உண்டு.

அறிகுறி: சில்லருக்குள் போனதைவிட வெளியே வருவது மோசம்

தண்ணீரின் திசையைப் பாருங்கள். புதுத் தண்ணீர் கோழி வெளியேறும் முனையில் நுழைந்து, கோழி நுழையும் முனையில் வழிய வேண்டும். திசை மாறினால் சுத்தமாகிப் போகிற கோழி கடைசியில் அழுக்குத் தண்ணீரில் குளித்துவிட்டுப் போகும். கோழிக்குக் குறைந்தது 2 லிட்டர் புதுத் தண்ணீர். நுழையும் முனையில் 16 டிகிரிக்கு மேலும் வெளியேறும் முனையில் 4 டிகிரிக்கு மேலும் போகக் கூடாது.

பிறகு ஐஸைப் பாருங்கள். பார் ஐஸ் வெளியிலிருந்து வாங்கினால் அது எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று தெரியாது. சாக்கில் சுற்றி வந்து, தரையில் போட்டு இழுத்து, கடப்பாரையால் உடைத்து, நேராகச் சில்லரில் கொட்டுவார்கள். ஒரு துண்டை ஸ்டெரைல் பையில் உருக்கி லேபுக்கு அனுப்பினால் விடை கிடைத்துவிடும். சுத்தமான ஐஸாக இருந்தாலும் அதில் குளோரின் இல்லை. 300 கிலோ ஐஸ் உருகினால் 300 லிட்டர் வெறும் தண்ணீர் சேர்ந்ததாகப் பொருள். மருந்துக் கணக்கில் அதைச் சேருங்கள். காலையில் நல்ல எண், மதியம் கெட்ட எண் என்று வரும் யூனிட்டுகளில் அழுக்கேறிய தண்ணீரும் கணக்கில் வராத ஐஸும்தான் வழக்கமான சந்தேக நபர்கள்.

அறிகுறி: நம் லேபில் இல்லை, வாங்குபவர் லேபில் இருக்கிறது

குளோரினுக்குப் பதில் பெராசிட்டிக் அமிலம் என்ற கிருமிக்கொல்லியைப் பயன்படுத்தும் யூனிட்டுகளில் இது அடிக்கடி வரும். தோலில் ஒட்டிய மருந்து மாதிரிப் பைக்குள்ளும் கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும். நீங்கள் பார்ப்பது கோழியின் நிலையல்ல, பையின் நிலை. அமெரிக்க இறைச்சிப் பரிசோதனைத் துறை இதற்காகவே 2016-ல் மருந்தை முறிக்கும் பெப்டோன் வாட்டருக்கு மாறியது. அதில் சோடியம் தயோசல்ஃபேட், லெசிதின், சோடியம் பைகார்பனேட் சேர்ந்திருக்கும். குளோரினுக்கும் இதே விதி. மாதிரி எடுக்குமுன் கோழியை ஒரு நிமிடமாவது வடிய விடுங்கள்.

இன்னொரு காரணம், அவர்கள் கழுவுநீரைப் பார்க்காமல் கழுத்துத் தோலையே அரைத்துப் பார்த்திருக்கலாம். ஐரோப்பிய முறையில் 15 கோழியின் கழுத்துத் தோல், மூன்று மூன்றாகச் சேர்த்து 25 கிராம் வீதம் ஐந்து மாதிரி. தலைகீழாகத் தொங்கும் கோழியில் எல்லா அழுக்கும் வழிந்து சேரும் இடம் கழுத்து. கேம்பைலோபாக்டருக்கு அங்கே கிராமுக்கு 1,000 என்பது 2018 முதல் எல்லை. நீங்களும் அதே முறையில் எடுத்தால்தான் எண்கள் பேசிக்கொள்ளும். மாதிரியை 0 முதல் 4 டிகிரியில், 24 மணி நேரத்துக்குள் சேருங்கள். உறைந்துபோனால் கேம்பைலோபாக்டர் செத்து, பொய்யாக நல்ல எண் வரும்.

பெராசிட்டிக் அளவு: 15 சதவீதச் சரக்கில் 1,000 லிட்டருக்கு 1.33 கிலோ போட்டால் 200 பிபிஎம். அழுக்கு இதைக் குளோரினைப்போல் சீக்கிரம் தின்னாது, அதுதான் இதன் பலம். காற்றுப்போக்கு மூடி உள்ள கேனில் மட்டும் வையுங்கள். இறுக்கி மூடினால் வெடிக்கும். ஆவி கண்ணையும் தொண்டையையும் பிடிக்கும், எனவே எக்ஸாஸ்ட் இல்லாத அறையில் ஆரம்பிக்கவே வேண்டாம். அமெரிக்காவில் 2,000 பிபிஎம் வரை அனுமதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் கோழியின் மேல் குடிநீர் தவிர எதுவும் கூடாது. சரக்கு எங்கே போகிறது, உங்கள் உரிமம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு மருந்தைத் தேர்ந்தெடுங்கள்.

அறிகுறி: தோல் சாம்பல் நிறம், புளிப்பு வாடை, எடை குறைவு

அமிலம் அதிகம் அல்லது முக்கும் நேரம் அதிகம். சில்லரின் நீண்ட முக்கலில் குறைந்த அளவும், கடைசியில் தனிச் சிறு தொட்டியில் 10 முதல் 30 விநாடி கூடிய அளவும் வைத்தால் நிறமும் காப்பாற்றப்படும், சாவும் நடக்கும்.

அறிகுறி: முழுக்கோழி நல்லது, கட் பீஸ் மோசம்

வெட்டும்போது தோலில் ஒளிந்திருந்தது கத்தி வழியாகச் சதைக்கு வருகிறது. அறை 10 முதல் 12 டிகிரிக்குள், பலகையும் பெல்ட்டும் நான்கு மணிக்கு ஒருமுறை கழுவல். தோல் உரித்து விற்கும் பீஸ்களில் உரிக்கும் ஆளையும் பீஸ் போடும் ஆளையும் பிரித்து வையுங்கள். தோலைத் தொட்ட கை சதையைத் தொடக் கூடாது.

அறிகுறி: எல்லாம் சரி, ஒரு பண்ணைக் கோழி வரும் நாளில் மட்டும் மோசம்

யூனிட்டைக் குடையாதீர்கள். அந்தப் பண்ணை எச்சத்தை அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே சோதித்து, பாசிட்டிவ் என்றால் அன்றைய கடைசி லாட்டாக அறுத்து, உடனே முழுக் கழுவல் செய்யுங்கள். கோழி ஏற்றிவரும் கிரேட்டுகளை (கூடைகளை)க் கழுவிய பின் காயவையுங்கள். கேம்பைலோபாக்டர் ஈரத்தில் வாழும், காய்ந்தால் சாகும், கழுவி ஈரத்தோடு அடுக்கிய கிரேட் அழுக்குக் கிரேட்டுக்குச் சளைத்ததல்ல. ஐஸ்லாந்திலும் நார்வேயிலும் கேம்பைலோபாக்டர் பாசிட்டிவ் லாட்டை உறையவைத்தே விற்பனைக்கு அனுப்புகிறார்கள். உறைநிலை அதன் எண்ணிக்கையை நன்றாகக் குறைக்கும். சால்மோனெல்லாவுக்கு இந்த வழியை நம்ப வேண்டாம், உறைந்த கோழியில் அது மாதக் கணக்கில் உயிரோடிருக்கும்.